அக்கா மூட்டை இல்லாமல் போன நாள்

வயது போகப் போக, என் பயணங்களைத் தீர்மானிப்பது கழிவறை என்றாகிவிட்டது. கோட்டை, கோயில், சரித்திரம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். படிக்கிற காலத்தில் இரவு மெயில் வண்டியில் கக்கூஸ் கதவோடு சாய்ந்து நின்றபடியே கொழும்புக்குப் போனவன் நான். லண்டனுக்கு வந்த புதிதில் ஐரோப்பா முழுவதும் சுற்றித் திரிந்து, ரயில் நிலைய வாங்குகளில் பத்திரிகையை விரித்துப் படுத்திருக்கிறேன். ரயில் பகுதியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, பென்ஷனும் குறைவில்லாமல் வரத் தொடங்கியபின் அந்த மனிதன் எங்கேயோ இறங்கிப் போய்விட்டான்.

இப்போது எனக்குக் கீழ்த்தள அறை வேண்டும். அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன் புறப்படுகிற எந்தப் பயணமும் வேண்டாம். விமானத்தில் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்தவன், இன்று நடைபாதையோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். என் மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஊர் பாக்கப் போறேல்லை. வேற வேற ஊரிலை நித்திரை கொள்ளப் போறியள்."

இப்படிப்பட்டவன் யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் கடலுக்குள் இருக்கிற நெடுந்தீவுக்குப் புறப்பட்டேன் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அங்கே தனியாக இருந்த என் அக்கா திரேசம்மா மாட்டுக் கொட்டிலில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. பிள்ளைகள் இல்லை. அத்தான் இறந்து நெடுநாள். விழுந்தவரைப் பக்கத்து வளவு நாகேஸ்வரி பால் வாங்க வந்தபோதுதான் கண்டு தூக்கியிருக்கிறார். அந்த வருடம் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வடக்கே போகிற கண்டி வீதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். போய் அக்காவைக் கூட்டிவந்து கொழும்பில் வைப்பது என்று முடிவெடுத்தேன். மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் தனியாகவே வந்தேன்.

கொழும்பில் இறங்கிய அன்றே அக்காவுக்கு இடம் பார்க்கப் போனேன். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம். ஹோட்டல் அறை பார்ப்பது போலவே பார்த்தேன். கட்டிலில் நானே படுத்து மெத்தையைச் சோதித்தேன். குழாயைத் திறந்து சுடுதண்ணீர் வருகிறதா என்று விரலை வைத்தேன். யன்னலால் ஒரு மாமரம் தெரிந்தது. குளியலறையில் பிடித்து எழும்ப இரும்புக் கம்பி. சிஸ்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கோ, அக்காவுக்கோ?" என்று சிரித்தார். எனக்கு அந்த அறை மிகவும் பிடித்திருந்தது. ஆகவே அக்காவுக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வடக்கே போன பயணத்தை நீட்டிச் சொல்லப்போவதில்லை. வாடகை வான் ஓட்டுகிற ஜெயம் நல்ல பையன், நாற்பது வயதிருக்கும், குழிகளை முன்கூட்டியே அறிவித்து ஓட்டினான். "அண்ணை, இனி வாறது பெரிசு. பிடியுங்கோ." இராணுவம், இயக்கம் என்று இரண்டு பகுதியாரும் தனித்தனியே இறக்கிச் சோதித்தார்கள். என் பெட்டியைத் திறந்த பெண்பிள்ளை, மடக்கிவைக்கிற கழிவறைக் கதிரையைக் கையில் எடுத்து, இது எந்த வகை ஆயுதமோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவள் சிரிக்காமல் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். கிளிநொச்சியில் ஒரு கடையில் புட்டும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். கூரை தகரம், மேசை தகரம், சாப்பாடு மட்டும் அமிர்தம்.

யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, காலையில் தீவுப்பக்கம் இறங்கினோம். கரம்பொன்னில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு இருந்த ஒழுங்கைக்கு முன்னால் ஜெயம் வானை நிறுத்தினான். கூரை இல்லை. குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு சுவரைவிட உயரமாக வளர்ந்திருந்தது. வேலியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தொங்கியது. "இறங்காதையுங்கோ அண்ணை. இன்னும் மிதிவெடி கிண்டி முடியேல்லை" என்றான். நான் இறங்கும் எண்ணத்தில் இருக்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். பசிதான் வந்தது.

படகு ஏறுகிற குறிகட்டுவான் துறையில் கடற்படையினர் பெயரைப் பதிந்து பெட்டிகளைக் கிளறிவிட்டார்கள். ஜெயத்தை நான்காம் நாள் இதே இடத்துக்கு வரச் சொல்லி அனுப்பினேன். அக்காவுக்காக வானின் முன் இருக்கையைச் சாய்த்து இரண்டு தலையணை போட்டுவைக்கவும் சொன்னேன்.

நெடுந்தீவுப் படகில் கதிரை என்று ஒன்று கிடையாது. அரிசி மூடை, மண்ணெண்ணெய்க் கொள்கலன், ஒரு மோட்டார் சைக்கிள், சுருட்டிய மெத்தை, இவற்றுக்கு நடுவே மனிதர்கள் தங்களைச் செருகிக்கொண்டார்கள். எனக்கு ஒரு அரிசி மூடை கிடைத்தது. அதன்மேல் கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஆரடி உது?"

"லண்டன்காரர் போலை. கழுத்திலை பார், மாட்டுக்குக் கட்டின மாதிரி."

நான் திரும்பாமல் கடலைப் பார்த்தேன். தலையணையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

துறையிலிருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள். வெளியில் மெலிந்த குதிரைகள் இரண்டு எங்களைக் கணக்கெடுக்காமல் மேய்ந்தன. அக்கா படலையில் நின்றார். எனக்கு நினைவில் இருந்தவர் உயரமானவர். இப்போது என் நெஞ்சுமட்டம். ஒரு காலை இழுத்து நடந்தார்.

"வா தம்பி. கொழுத்துப்போனாய்" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

இரண்டு அறை வீடு, ஓலைக் கூரை. கொட்டிலில் ஒரு பசுவும் கன்றும். கழிவறை வளவின் மூலையில், குந்தியிருக்கிற வகை. என் மடக்குக் கதிரையை விரித்துப் பார்த்தேன், கதவுக்குள் அது நுழையவில்லை. அக்கா தூரத்தில் நின்று இந்தப் போராட்டத்தைப் பார்த்தார். "உந்தக் கதிரையை வெளியிலை வை. நான் பால் கறக்கேக்கை இருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கதிரை கொட்டிலில் பயன்பட்டது.

இரவு திரளி மீன் குழம்பும் சோறும். கிணற்றுத் தண்ணீர் உவர், அதனால் தேத்தண்ணியும் உப்புக் கரித்தது. நான் போத்தல் தண்ணீர் வைத்திருந்தேன். அக்கா முன்னால் அதைத் திறக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறந்தேன். பாயின்மேல் என் பயண மெத்தையைக் காற்றடித்துப் படுத்தேன். திரும்பும் போதெல்லாம் அது கீச்சிட்டது. மறு அறையிலிருந்து அக்கா, "கன்றுக்குட்டி உள்ளுக்கை வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் கொழும்புக் கதையைத் தொடங்கினேன். அறையை வர்ணித்தேன். மாமரம், சுடுதண்ணீர், பிடித்து எழும்பக் கம்பி, பக்கத்திலேயே டாக்டர், காலையில் பூசை. அக்கா பால் கறந்துகொண்டே கேட்டார். பால் பாத்திரத்தில் சத்தமிட்டு விழுந்தது.

"என்ன அக்கா சொல்லுறியள்?"

"நல்ல இடம்தான்" என்றார்.

நான் அதைப் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் அக்காவே பேச்சை எடுத்தார். "நீ வருசா வருசம் ஊர் சுத்திப் பாக்க உந்த ரூர் போறியாமே. மூட்டை முடிச்செல்லாம் ஆர் தூக்கிறது?"

"நாங்கள் தூக்கிறேல்லை அக்கா. ஹோட்டலுக்குப் போய்ச் சேர முன்னமே பெட்டி அறைக்குள்ளை இருக்கும்."

"பேந்து திரும்பி வீட்டை வருவியோ?"

"ஓம். ஒரு கிழமை, பத்து நாளிலை."

"வரேக்கை வீடு அப்பிடியே இருக்குமோ?"

என்ன கேள்வி இது என்று சிரித்தேன். "இருக்கும்தானே அக்கா. வேறை என்ன செய்யும்?"

அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் உப்பிடி ஒருக்காப் போகவேணும் தம்பி. விடியப் போய்ப் பின்னேரம் வரவேணும். கையிலை ஒண்டும் இல்லாமல்."

"எங்கை?"

"நயினாதீவுக்கு."

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர். அக்கா அங்கே இருக்கிற நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போக விரும்புவார் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் சாமி இல்லை. சண்டைக்காலத்தில் தீவைவிட்டு ஓடியபோது வள்ளத்தில் பானையும் பாயும் மடியில் கிடக்க, அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோதும் மூட்டையோடுதான் அதைப் பார்த்திருக்கிறார். "அந்தத் துறையிலை சனம் சும்மா இறங்கி நடக்குது தம்பி. ஒரு தேங்காய், ஒரு பூமாலை. பின்னேரம் அதுகும் இல்லாமல் வெறுங்கையோடை திரும்புதுகள். அதுகளைப் பாக்க எனக்கு எரிச்சலா இருந்தது."

"பாப்பம்" என்றேன். அந்த நேரம் மாத்திரைப் பெட்டியில் மாலை மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். கொழும்புக்குப் போனபின் எத்தனையோ இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் என் மனதில் ஓடிய எண்ணம்.

மூன்றாம் நாளும் என் பிரச்சாரம் நடந்தது. திரும்ப விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டேன். நான் இன்னும் எத்தனை வருடம் பறந்து பறந்து வரமுடியும் என்று கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படிப் பேசாமல் இருந்தால் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதை அறிய நான் அவரோடு இன்னும் கொஞ்சக் காலம் வாழ்ந்திருக்கவேண்டும். அவர் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். பொழுதுபடும் நேரம், பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீலச் சேலையை எடுத்து அவர் கொடியில் காற்றாட விரித்ததைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நாளைக்கு வெளிக்கிடுவமே அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம், வெளிக்கிடுவம். நான் விடியவே வெளிக்கிட்டு நிப்பன்" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

எங்கள் பேச்சில் வெளிக்கிடுவது என்ற இந்த ஒரு சொல் எத்தனையோ வேலை செய்யும். நல்ல சேலை உடுத்துப் பவுடர் போடுவதும் வெளிக்கிடுவதுதான். சந்தைக்குப் போவதும் அதுதான். வீட்டைப் பூட்டித் திறப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் குடும்பமாகப் போவதற்கும் அதே சொல்தான். முப்பது வருடம் வேறு மொழியில் வேலை செய்தவனுக்கு, எந்த வெளிக்கிடுதல் என்று ஒருமுறை திருப்பிக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

சந்தோசத்தில் நேரே நாகேஸ்வரி வளவுக்குப் போனேன். "அக்கா நாளைக்கு என்னோடை வெளிக்கிடுறா. மாட்டையும் கன்றையும் இனி நீங்களே வைச்சிருங்கோ" என்றேன். நாகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனுசி ஓம் எண்டு சொல்லும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை அண்ணை. நான் வெள்ளெனவே வந்து அவிட்டுக்கொண்டு போறன். அவவைப் பாத்தால் எனக்கு அழுகை வரும்" என்றார்.

விடிந்ததும் என் பெட்டிகளைப் பூட்டி வாசலில் வைத்தேன். அக்கா வெளியே வந்தார். நீலச் சேலை, நெற்றியோடு படிய வாரிய தலை, கழுத்தில் செபமாலை. கையில் ஒன்றும் இல்லை. பார்க்க அழகாக இருந்தார். சாமான்களை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார் போல என்று எண்ணினேன்.

அவர் கொட்டிலைப் பார்த்தார். அவிழ்த்த கயிறு கட்டையில் கிடந்தது.

"மாடு எங்கை?"

"நாகேஸ்வரி கொண்டு போயிட்டா. இனி அவதான் வைச்சுப் பாப்பா. நான் ராத்திரியே சொல்லிப்போட்டன். நாங்கள்தானே வெளிக்கிடுறம்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. "ஓ, அந்த வெளிக்கிடுறதோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எதையோ மறந்துவிட்டார், எடுக்கப் போகிறார் என்றுதான் நின்றேன். உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பானை ஒன்று இன்னொன்றுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அக்கா நீலச் சேலையைக் கழற்றி, கந்தல் சேலை ஒன்றை உடுத்திருந்தார். நல்ல சேலையை மடித்து அடியில் வைத்து, அதன்மேல் அரிசி, மேலே பானை, திருக்குடும்பப் படம், நெருப்புப்பெட்டி என்று ஒரு வேட்டித் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை தடுமாறவில்லை. எது முதலில், எது பிறகு என்று யோசிக்கவும் இல்லை. பாயைச் சுருட்டி முழங்காலால் அமத்திக் கட்டினார். அந்த இழுத்து நடக்கிற காலோடு அவர் அவ்வளவு வேகமாக அசைவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "எவ்வளவு நேரம் தந்திருக்கினம்?"

"ஆர் அக்கா?"

"ஆரோ. ஆரெண்டு கேட்டு என்ன."

அக்காவை மூன்று முறை வீட்டைவிட்டு எழுப்பியிருக்கிறார்கள். ஒருமுறை கடலால் வந்தவர்கள். ஒருமுறை ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள். ஒருமுறை யார் சொன்னது என்றே தெரியாமல், மழையில் ஓடுகிற சனத்தோடு சனமாக. நான்காவதாக எழுப்ப வந்தவன் நான். நல்ல மெத்தையும் சுடுதண்ணீரும் கொண்டு வந்திருந்தேன், ஆனால் மாட்டை அவரைக் கேளாமல் அவிழ்க்கச் சொல்லியிருந்தேன். அவர் என்னோடு வாதாடியிருந்தால், திட்டியிருந்தால், தாங்கியிருப்பேன். அவர் கட்டத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, ஒருத்தரும் நேரம் தரேல்லை. நான் பிழையா விளங்கிப்போட்டன். நாங்கள் நயினாதீவுக்குத்தான் போறம்" என்றேன். நிலத்தில் முழந்தாளிட்டு மூட்டையை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இளகவில்லை. அக்கா என் கையை விலக்கிவிட்டு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். முழுவதும் விரிந்து விழுந்தது.

"பின்னேரம் திரும்பி வாறதோ?" என்று கேட்டார்.

"பின்னேரம் திரும்பி வாறது."

"மாடு?"

ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மிகை, ஆனால் பல வருடங்களில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை. நாகேஸ்வரி விசயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "விசரே அண்ணை உங்களுக்கு? அவ இஞ்சை என்னட்டை நயினாதீவுக்குப் போகப்போறன் எண்டு சொன்னவ. நான் நினைச்சன், நீங்கள் கதைச்சு மனத்தை மாத்திப்போட்டியள் எண்டு." மாட்டை இழுத்துக்கொண்டு என் முன்னால் நடந்தார். பசு தன் கட்டைக்கு வந்ததும் ஒன்றும் நடவாததுபோல வைக்கோலில் வாய் வைத்தது. அக்கா அதன் முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு, மறுபடியும் நீலச் சேலையை உடுக்கப் போனார்.

படகு எங்களுக்காகச் சிறிது நேரம் நின்றது. குறிகட்டுவானில் என் பெட்டிகளை ஜெயத்தின் வானில் ஏற்றிவிட்டு, சிறிய படகில் நயினாதீவுக்குப் போனோம். கால்மணி நேரக் கடல். அக்கா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தார். அலை வந்தபோதும் எதையும் பிடிக்கவில்லை.

துறையில் தெற்கிலிருந்து வந்த சிங்கள யாத்திரிகர் கூட்டம் ஒன்று அங்குள்ள புத்த விகாரைக்குப் போய்த் திரும்பியிருந்தது. வெள்ளை உடுத்த ஒரு வயதான அம்மா, பெரிய பையும் தண்ணீர்க் கலனும் சுமந்துகொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் இளைப்பாறினார். அக்காவின் கையைப் பார்த்து, தெரிந்த கொஞ்சத் தமிழில், "பை? பை இல்லை?" என்று கேட்டார். "இல்லை" என்று அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

கோயிலில் ஆண்கள் மேல்சட்டை கழற்றவேண்டும். என் வயிற்றோடு நான் நின்ற நிலையைப் பார்த்து அக்கா இன்னும் ஒருமுறை சிரித்தார். அன்னதான மடத்தில் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். எனக்குக் கதிரை தர ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றேன். இறங்கி இருப்பது ஒரு வேலை, எழும்புவது இன்னொரு வேலை. பூசனிக்காய்க் கறி, பருப்பு, வடை, பாயாசம். அக்கா இலையைக் கையால் மறைத்து, "காணும், போதும்" என்று சொல்லச் சொல்ல, பரிமாறுகிறவர் ஊற்றிவிட்டுப் போனார்.

வெளியே கடைத்தெருவில் ஒரு பனையோலைப் பெட்டியைக் காட்டி, வாங்கித் தரவா என்று கேட்டேன். "வேண்டாம், கையிலை ஒண்டும் வேண்டாம்" என்றார். கோயிலைச் சுற்றி, கடற்கரை வழியாக, விகாரை மதில் வரை நடந்து திரும்பினோம். அக்கா ஓரிடத்தில் நின்று, "சனம் இப்பிடித்தானே போய் வாறது?" என்று கேட்டார். "இப்பிடித்தான் அக்கா" என்றேன். உலகத்தில் பல நாடுகளைப் பார்த்த நான், ஒரு பயணத்தை அவ்வளவு கவனமாக ஒருவர் செய்து பார்த்ததை அதற்கு முன் கண்டதில்லை.

குறிகட்டுவானுக்குத் திரும்பியபோது நெடுந்தீவுப் படகு சனம் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜெயம் அவசரமாக வந்து வானின் முன்கதவைத் திறந்தான். சொன்னபடி தலையணைகள் இருந்தன. அக்கா ஒரு தலையணையை அமத்திப் பார்த்தார். "நல்ல மெத்தெண்டு இருக்கு" என்று சொல்லி, கதவைத் தானே சாத்தினார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. "அக்கா, திரும்ப விழுந்தால்?"

"விழுந்தால் என்ர வளவுக்கைதானே விழுவன்." என் தோளைத் தட்டினார். "நீ கவனமாப் போ தம்பி. உனக்குத்தான் தூரம்."

படகு விலகியபோது அவர் பெண்களோடு பலகையில் இருந்தார். கையசைக்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. தீவு இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

அதன் பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. கண்டி வீதியை மூடினார்கள். நானும் மனைவியும் போர்த்துக்கலில் கடலோர ஹோட்டல் ஒன்றில், கீழ்த்தள அறையில் இருந்தபோது செய்தி வந்தது. அக்கா கொட்டிலடியில் விழுந்து, மூன்றாம் நாள் போய்விட்டார். அன்று எந்த நாட்டுக்கும் என்னால் ரிக்கெற் எடுத்திருக்க முடியும். என் அக்காவின் அடக்கத்துக்குப் போக வழி இல்லை. அந்த அறையின் நல்ல மெத்தையில் இருந்துகொண்டு சத்தமாக அழுதேன். கொழும்பில் வைத்திருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பாரே என்று சொந்தக்காரர் பலர் சொன்னார்கள். இருந்திருக்கலாம். நான் யாரோடும் வாதாடவில்லை.

சில மாதங்களின்பின் நாகேஸ்வரி யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரு கடையிலிருந்து தொலைபேசியில் பேசினார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஒன்று கேட்டு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். தூக்குவதற்கு ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"நான் கிட்டப் போய்ச் சொன்னனான் அண்ணை, அக்கா, வெளிக்கிடுவம் எண்டு. அவ தலையாட்டி மாட்டன் எண்டிட்டா."

"ஏதும் சொன்னவவோ?"

"ஓம். நான் ஒருக்கா வெளிக்கிட்டுப் போய் வந்தனான், அது காணும் எண்டவ."